பூட்டுக்கு உள்ளே இருப்பவர்கள்

2024 டிசம்பர் 9 அன்று சிங்கப்பூரின் கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையமான ‘அக்ரா’, தன் ‘பிஸ்ஃபைல்’ இணையவாசலைப் புதுப்பித்துத் திறந்தது. நிறுவனம் பதிவு செய்பவர்களும் கணக்குத் தாக்கல் செய்பவர்களும் நாள்தோறும் புழங்கும் இடம் அது. புதிய வாசலில் ஒருவர் பெயரைத் தட்டினால் அவருடைய அடையாள அட்டை எண் ஓர் இலக்கம்கூட மறையாமல் திரையில் வந்து நின்றது. கட்டணமும் கிடையாது. வழக்கமாக நாளொன்றுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் பேரைத் தேடும் இடத்தில், ஐந்தே நாளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தேடல்கள் நடந்தன. 13ஆம் தேதி இரவு அந்த வசதி நிறுத்தப்பட்டது.

அமைச்சர்கள் ஜோசஃபின் டியோவும் இந்திராணி ராஜாவும் செய்தியாளர்களைக் கூட்டி மன்னிப்புக் கேட்டார்கள். அரசாங்கச் சேவைத் தலைவர் லியோ யிப் தலைமையில் மறுஆய்வுக் குழு அமைந்து, 2025 மார்ச்சில் அறிக்கையும் வந்தது. பாதி மறைத்த எண்களைப் புதிய சேவைகளில் இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று 2024 ஜூலையில் டியோவின் அமைச்சு ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. மறைப்பை நிறுத்து என்றால் முழு எண்ணைக் காட்டு என்று அக்ரா பொருள்கொண்டுவிட்டது. எந்தத் திருடனும் உள்ளே வரவில்லை, எந்தப் பூட்டும் உடையவில்லை. உள்ளே இருந்தவர்களே கதவைத் திறந்து வைத்தார்கள். அதற்குப் பொறுப்பேற்று மன்னிப்பும் கேட்டார்கள். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

அதே டிசம்பரில் அதே நகரில் வேறொரு தேடல் வசதி வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருந்தது. வீட்டுப் பணிப்பெண்களை அமர்த்தித் தரும் முகவர் நிறுவனங்களின் இணையப் பக்கங்களைத் திறந்தால் முழு உருவப் புகைப்படம், வயது, உயரம், எடை, மதம், திருமணம் ஆனவரா, எத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு என்ன வயது என்று ஒவ்வொன்றும் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். வழக்கமான விவரப் படிவத்தில் இன்னும் கட்டங்கள் உண்டு: மனநோய், வலிப்பு, ஆஸ்துமா, நீரிழிவு, காசநோய், இதயநோய், செய்துகொண்ட அறுவைச் சிகிச்சை, உடற்குறை. பன்றி இறைச்சி, மாட்டிறைச்சியைத் தொடுவாரா என்பதற்கும் ஒரு கட்டம். இதற்காக யாரும் செய்தியாளர்களைக் கூட்டியதில்லை. எல்லாம் அந்தப் பெண் ஒப்புதலோடு தந்த விவரம்தானே. 2018இல் ‘கரோசல்’ இணையச் சந்தையில் இத்தகைய பெண்களின் படங்கள் விற்பனைப் பொருள்களோடு சேர்ந்து தோன்றி, சில படங்களின்மேல் ‘விற்கப்பட்டது’ என்ற முத்திரையும் விழுந்தபோதுதான் மனிதவள அமைச்சு தலையிட வேண்டியிருந்தது. தவறு அந்த முத்திரையில் இருந்ததாகத்தான் பலர் எடுத்துக்கொண்டார்கள். அதற்குக் கீழே இருந்த கட்டங்களைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விதி புலப்படுகிறது. சம்பளம் குறையக் குறையப் படிவத்தில் கட்டங்கள் பெருகுகின்றன. நிறுவன இயக்குநரின் ஓர் எண் வெளியே தெரிந்தால் அது தேசியச் செய்தி; பணிப்பெண்ணின் உடல் எடை வெளியே தெரிந்தால் அது வணிகம். ஊழியர் தரவு, விண்ணப்பதாரர் தரவு என்று நாம் பேசும்போதெல்லாம் வெளியிலிருந்து வரும் ஊடுருவியைத்தான் மனத்தில் வைத்திருக்கிறோம். உள்ளே சாவியோடு உட்கார்ந்திருப்பவர் யாருடைய கோப்பை எவ்வளவு தூரம் திறக்கலாம் என்ற கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதே இல்லை.

உழைக்க வந்தவரைப் பற்றி எழுதிவைக்கும் வழக்கம் இந்தத் தீவுக்குப் புதிதன்று. பென்கூலனிலிருந்து மாற்றப்பட்ட இந்தியக் கைதிகள் 1825இல் இங்கே வந்திறங்கினார்கள். 1873 வரை கைதிகளின் உழைப்பில்தான் சாலைகள் போடப்பட்டன. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இன்றைய இஸ்தானாவும் எழுந்தன. அவர்களில் ஆயுள் தண்டனை பெற்ற பலரின் நெற்றியில் செய்த குற்றம் பச்சை குத்தப்பட்டிருந்தது. ஊழியரைப் பற்றிய விவரத்தை ஊழியர் மேலேயே எழுதிவைத்த ஏற்பாடு அது. தொலையாது, நகல் எடுக்க வேண்டாம், பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டாம். அந்த வழக்கம் 1849இல் சட்டப்படி ஒழிந்தது. ஏற்கெனவே குத்தப்பட்டவர்களுக்கு நெற்றி மறையத் தலைப்பாகையை இறக்கிக் கட்டுவதே மிச்சமிருந்த வழி. இந்நகரில் இந்திய உழைப்பாளிக்கு முதலில் கிடைத்த தரவுப் பாதுகாப்புச் சாதனம் அந்தத் துணிதான்.

அடையாள அட்டையின் கதையும் அதிகாரத்தின் தேவையிலிருந்து தொடங்கியதே. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரநிலை அறிவித்த பிரிட்டிஷ் ஆட்சி 1948இல் மக்களுக்கு அட்டை கொடுத்துப் பதிவு செய்தது. விடுதலைக்குப் பின் 1966இல் புதிய பதிவு நடந்தது. அவசரநிலை போய்விட்டது, எண் தங்கிவிட்டது. பரிசுக் குலுக்கலுக்கும் கடைத்தொகுதி உறுப்பினர் அட்டைக்கும்கூட அதைக் கேட்கும் காலம் வந்தது. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலோ ஒருவரின் அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, தனியார் நிறுவனங்கள் அந்த எண்ணைக் கேட்கக்கூடாது என்றானது. கடைக்காரர் கேட்பதை நிறுத்தினார். முதலாளி மட்டும் நிறுத்தவில்லை, நிறுத்தவும் முடியாது. மத்திய சேமநிதிக்கும் வருமான வரிக்கும் அந்த எண் வேண்டும். ஆகவே ஒருவரைப் பற்றிய முழு விவரமும் அரசாங்கத்துக்கு அடுத்தபடியாகச் சேரும் இடம் அவர் வேலை செய்யும் நிறுவனம்தான்.

அந்த விவரத்தைக் காக்கச் சட்டம் இருக்கிறது, நல்ல சட்டமும்கூட. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறி, அதன் முக்கியப் பிரிவுகள் 2014 ஜூலை 2இல் நடப்புக்கு வந்தன. 2021 பிப்ரவரி முதல், 500 பேருக்குக் குறையாமல் பாதிக்கும் கசிவையோ கடும் தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவையோ உறுதிசெய்த மூன்று நாளுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அபராதத்தின் உச்சவரம்பு 2022 அக்டோபரிலிருந்து 10 லட்சம் வெள்ளி அல்லது உள்நாட்டு ஆண்டு வருவாயில் 10 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது. ஒவ்வொரு நிறுவனமும் ஒரு தரவுப் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க வேண்டும். அவருடைய விவரங்களைப் பதிவு செய்யும் இடம் எது தெரியுமா? அதே பிஸ்ஃபைல்.

இந்தச் சட்டத்தின் மையக்கல் ஒப்புதல். ஆனால் வேலை என்ற வாசலில் அந்தக் கல் கொஞ்சம் நகர்ந்து வழிவிடுகிறது. ஒருவர் வேலைக்குத் தகுதியானவரா என்று மதிப்பிடுவதற்கான தரவை அவர் ஒப்புதலின்றியே சேகரிக்கலாம். வேலையில் அமர்ந்தபின், அவருடைய பணியை நிர்வகிக்கத் தேவையான தரவுக்கு, அறிவித்தால் போதும், சம்மதம் வேண்டியதில்லை. நேர்காணல் நடத்தியவர் தன் மதிப்பீட்டுக்காக எழுதிவைத்த கருத்தைக் காட்டுமாறு விண்ணப்பித்தவர் கேட்டால், காட்ட வேண்டிய கடமையும் இல்லை. நியாயம் இல்லாமல் இல்லை. முன்னாள் முதலாளியிடம் விசாரிக்க முடியாவிட்டால் யாரையும் நம்பி வேலைக்கு எடுக்க முடியாது. ஒவ்வொரு குறிப்பையும் காட்ட வேண்டுமென்றால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். ஆனாலும் விளைவைப் பாருங்கள். கோப்பு ஒருவரைப் பற்றியது. படிப்பவர்கள் எல்லாரும் மற்றவர்கள்.

சிராங்கூன் ரோட்டிலும் அதன் கிளைச் சந்துகளிலும் உள்ள நகைக்கடை, உணவகம், மளிகைக்கடை, நாணய மாற்றுக் கடைகளில் ஒரு தலைமுறைக்கு முன் ஊழியர் விவரம் என்பது கல்லாவுக்குக் கீழே ஒரு நோட்டுப் புத்தகம்தான். யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார், யார் எத்தனை நாள் ஊருக்குப் போனார் என்பதெல்லாம் முதலாளியின் கையெழுத்தில் இருக்கும். அதில் அநியாயமும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த நோட்டு ஒரே இடத்தில்தான் இருக்க முடியும், கிழித்தால் போயிற்று. 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு கட்டாயமானது. அது தொழிலாளிக்குக் கிடைத்த உண்மையான பாதுகாப்பு. மின்னிலக்கத்துக்கு மாறும் சிறுநிறுவனங்களுக்கு மென்பொருள் செலவில் பாதி வரை அரசாங்கம் மானியமும் தருகிறது. நோட்டுப் புத்தகம் மேகக் கணினிக்குப் போயிற்று.

பத்துப் பேர் வேலைசெய்யும் உணவகத்தின் மனிதவள மென்பொருளில் இன்று என்னென்ன இருக்கும்? அடையாள எண் அல்லது வெளிநாட்டவருக்கான எண், கடவுச்சீட்டின் படம், வங்கிக் கணக்கு, சம்பளம், பிடித்தம், மருத்துவ விடுப்புச் சான்றிதழ்கள், மனைவி மக்கள் பெயர், வருகைப் பதிவுக் கருவி எடுத்த விரல்ரேகை அல்லது முக வார்ப்பு, எச்சரிக்கைக் கடிதங்கள். இதோடு, வேலைக்கு விண்ணப்பித்துக் கிடைக்காமல் போனவர்களின் சுயவிவரங்கள். முக்கியமானது இந்தக் கடைசி வகை. வேலை கிடைத்தவருக்காவது அங்கே ஒரு முகம் உண்டு. கிடைக்காதவருக்கு அந்த நிறுவனத்தில் மிஞ்சுவது அவருடைய தரவு மட்டுமே. தன்னை வேண்டாம் என்று சொன்ன இடம் தன் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

மென்பொருளை எழுதுபவர்கள் இதற்கெல்லாம் வழி வைத்திருக்கிறார்கள். பட்டியல் போடும் மேற்பார்வையாளருக்கு வேலை நேரம் தெரிந்தால் போதும், சம்பளம் தெரிய வேண்டாம்; சம்பளம் போடுபவருக்கு வங்கிக் கணக்கு தெரிய வேண்டும், மருத்துவச் சான்றிதழில் உள்ள நோய் தெரிய வேண்டாம். இப்படி ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி அனுமதி வைக்கலாம். யார் எப்போது எந்தக் கோப்பைத் திறந்தார் என்று தானாகப் பதியவைக்கலாம். குறிப்பிட்ட காலம் கழிந்தால் தானாக அழியும்படியும் செய்யலாம். வசதிகள் எல்லாம் விலைப்பட்டியலில் இருக்கின்றன. நடப்பிலோ, சிறிய நிறுவனங்களில் நிர்வாகிக் கணக்கு ஒன்றுதான் இருக்கும். அதன் கடவுச்சொல் முதலாளி, அவர் மகன், கணக்காளர், மேலாளர் என்று நாலு பேருக்குத் தெரியும். பதிவேட்டில் நாலு பேரும் ஒரே பெயரில் வந்துபோவார்கள். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக இறக்கிக் கணக்காளருக்கு மின்னஞ்சலில் அனுப்புவார்கள். அந்த நொடியோடு மென்பொருளின் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது.

சம்பளச் சீட்டை மின்னஞ்சலில் அனுப்பும்போது அதற்கு ஒரு கடவுச்சொல் இடும் வழக்கம் உண்டு. பல இடங்களில் அது அடையாள எண்ணின் கடைசி இலக்கங்களும் பிறந்த தேதியும் சேர்ந்ததாக இருக்கும். ஒருவரைப் பற்றி ஊரறிந்த இரண்டு விவரங்களைச் சேர்த்தால் ரகசியம் பிறந்துவிடும் என்ற நம்பிக்கை. பிஸ்ஃபைல் விவகாரத்துக்குப் பின், 2025 ஜூனில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் இந்த வழக்கத்தைக் கைவிடுமாறு நிறுவனங்களிடம் கேட்டுக்கொண்டன. அடையாள எண் ஒருவர் யார் என்று சொல்லும். வந்திருப்பவர் அவர்தானா என்று சொல்லாது. இவ்வளவு எளிய உண்மையை ஏற்க ஒரு நாடு முழுவதும் ஒரு முறை அதிர வேண்டியிருந்தது.

சிறியவர்கள்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். உலகெங்கும் பெருநிறுவனங்களுக்கு மனிதவள மென்பொருள் செய்து விற்கும் எஸ்ஏபியின் சிங்கப்பூர்க் கிளைக்கே ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது. சம்பளம் தொடர்பான அதன் சொந்த அமைப்பில் இருந்த பிழையால், முன்னாள் ஊழியர்களின் சம்பள விவரங்கள் வேறு முன்னாள் ஊழியர்களுக்கு மின்னஞ்சலில் போய்விட்டன. மருத்துவருக்கும் காய்ச்சல் வரும் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் மற்றவர் விவரங்களைக் காக்கும் கருவி செய்பவரே தன்னை விட்டுப்போனவர்களின் விவரத்தில் தடுமாறினார் என்பதில் ஒரு பாடம் இருக்கிறது. விட்டுப்போனவர்களுக்காகச் சோதனை செய்து பார்க்கும் அக்கறை எந்த அமைப்பிலும் கடைசியில்தான் வருகிறது.

மென்பொருளே தேவைப்படாத கசிவும் உண்டு. 2017இல் ஆணையம் தீர்ப்பளித்த ஒரு வழக்கில், ஒரு பயிற்சி நிறுவனத்தின் இயக்குநர், வேலையை விட்டுப்போன ஊழியரின் அந்தரங்கக் கடந்தகாலத்தை நிறுவனத்தார் இருந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். நம்பிச் சொன்னது கோபத்தில் வெளியே வந்தது. எச்சரிக்கையோடு வழக்கு முடிந்தது.

இவை எல்லாவற்றையும்விடக் கனமான நிகழ்வு 2019 ஜனவரி 28 அன்று வெளியே வந்தது. எச்ஐவி தொற்று கண்டவர்களின் தேசியப் பதிவேட்டிலிருந்து 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு அறிவித்தது. அவர்களில் 5,400 பேர் சிங்கப்பூரர்கள். எஞ்சிய 8,800 பேர் வெளிநாட்டவர்கள். வேலை அனுமதிக்கும் வருகை அனுமதிக்கும் விண்ணப்பித்தவர்களும் அதில் அடக்கம். பெயர், அடையாள எண், தொலைபேசி, முகவரி, பரிசோதனை முடிவு எல்லாம் இருந்தன. இதை நாம் மருத்துவத் தரவுக் கசிவு என்றே நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அந்த வெளிநாட்டவர்களில் எத்தனையோ பேர் நோயாளியாக மருத்துவரிடம் போனவர்கள் அல்லர். வேலை தேடி வந்து, விண்ணப்பத்தின் ஒரு கட்டத்தை நிரப்ப ரத்தம் கொடுத்தவர்கள். தொற்று இருந்தால் வேலை அனுமதி கிடையாது. வேலையும் கிடைக்கவில்லை, பெயர் மட்டும் பதிவேட்டில் தங்கியது. ஆண்டுகள் கழித்து, அவர்களை ஏற்காத நாட்டிலிருந்து அவர்களின் ரகசியம் வெளியேறியது.

அது எப்படி வெளியேறியது என்பதுதான் முக்கியம். பதிவேட்டைப் பார்க்கும் அதிகாரம் முறையாகவே பெற்றிருந்த ஓர் அரசாங்க மருத்துவரின் கைவழியாக அது அவருடைய துணைவரான வெளிநாட்டவரிடம் போயிருந்ததாக அமைச்சு கூறியது. அந்த வெளிநாட்டவரும் ஒரு விண்ணப்பதாரரே. தன் ரத்தத்துக்குப் பதிலாக மருத்துவரின் ரத்தத்தைக் கொடுத்து வேலை அனுமதி வாங்கியவர். பொய் சொன்னவர் சோதனையில் தேறினார். மெய்யான ரத்தம் கொடுத்தவர்கள் பட்டியலில் ஏறினார்கள். விவரங்கள் வெளியாள் கைக்குப் போயிருப்பது அமைச்சுக்கு 2016இலேயே தெரியும். அந்த ஆண்டு செப்டம்பர் முதல், பதிவேட்டிலிருந்து தரவை இறக்க இருவர் ஒப்புதல் வேண்டும் என்றும், 2017இல் அனுமதியில்லாத சேமிப்புக் கருவிகளைச் செருக முடியாது என்றும் கட்டுப்பாடுகள் வந்தன. இருவர் ஒப்புதல் என்பது மிகப் பழைய ஏற்பாடு. கோயில் உண்டியலைக்கூட ஒருவரே திறக்க விடுவதில்லை.

அரசாங்க அமைப்புகள் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு வெளியே நிற்பவை. அவற்றுக்கு 2018இன் பொதுத்துறை ஆளுமைச் சட்டமும் உள்விதிகளும் தனியே உண்டு. ஆகவே 2018இல் 15 லட்சம் நோயாளிகளின் விவரம் திருடப்பட்டபோது மருத்துவமனைக் குழுமமான சிங்ஹெல்த்துக்கு இரண்டரை லட்சம் வெள்ளியும் அதன் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு ஏழரை லட்சம் வெள்ளியும் ஆணையம் அபராதம் விதிக்க முடிந்தது, அவை நிறுவனங்கள். அமைச்சின் பதிவேட்டுக்கு அந்த வழி இல்லை.

வேலை தேடுபவர்களின் தரவு எத்தனை கைமாறுகிறது என்பதற்கு 2021இல் இன்னோர் உதாரணம். தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசைச் சேர்ந்த வேலைவாய்ப்பு அமைப்பான ‘ஈ2ஐ’, ஏறத்தாழ 30,000 பேரின் விவரங்கள் அம்பலமாகியிருக்கலாம் என்று அந்த ஏப்ரலில் அறிவித்தது. பெயர், அடையாள எண், கல்வித்தகுதி, வேலை விவரம் ஆகியவை அதில் இருந்தன. கசிந்தது அதன் சொந்தக் கணினியில்கூட இல்லை. அது அமர்த்தியிருந்த ஒரு சேவை நிறுவனத்தின் ஊழியருடைய மின்னஞ்சல் பெட்டியில். வேலை தேடிப் போனவர் ஒரு மேசைமுன் உட்கார்ந்து விவரம் சொன்னார். அந்த மேசைக்குப் பின்னால் இன்னொரு நிறுவனம் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

தமிழ்நாட்டிலிருந்து வரும் கட்டுமானத் தொழிலாளிக்கு இந்த மேசைகளின் வரிசை இன்னும் நீளம். புதுக்கோட்டையிலோ சிவகங்கையிலோ ஓர் இளைஞர் ‘சிங்கப்பூர் வேலை’க்கு முயலத் தொடங்கினால், கடவுச்சீட்டின் படம், சான்றிதழ், புகைப்படம் எல்லாம் வாட்ஸ்அப்பில் ஊர் முகவருக்குப் போகும். அவரிடமிருந்து சென்னை முகவருக்கு, அங்கிருந்து சிங்கப்பூர் முகவருக்கு, பிறகு முதலாளிக்கு. வேலை அமையாவிட்டால் அத்தனை கைப்பேசியிலும் அந்தப் படம் அப்படியே கிடக்கும். இந்தியாவின் மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. பெரும்பாலான கடமைகள் அதற்கும் 18 மாதம் கழித்தே நடப்புக்கு வரும். வேலை தொடர்பான தேவைகளுக்கு அங்கும் ஒப்புதலிலிருந்து விலக்கு உண்டு. கடலின் இரு கரையிலும் சட்டம் இருக்கிறது. நடுவில் ஓடும் வாட்ஸ்அப்பில் அந்தச் சட்டங்களைத் தேடிப் பிடிப்பவர் யாரும் இல்லை.

இங்கே வந்தபின் தரவு அவர் கூடவே நடக்கிறது. கோவிட்-19 கிருமித்தொற்றுக் காலத்தில் விடுதிகளில் இருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் வேலைக்குப் போகலாமா கூடாதா என்பதைக் கைப்பேசிச் செயலியில் தோன்றும் பச்சையும் சிவப்பும் முடிவு செய்தன. 2022 ஜூனில் பொதுவான வெளியேறும் அனுமதி தேவையில்லை என்றான பிறகும், ஞாயிறும் பொது விடுமுறையும் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்குப் போக விடுதிவாசிகள் தனியே பதிவு செய்ய வேண்டியிருந்தது. நாளுக்கு 80,000 அனுமதிகள். தேக்காவில் கீரை வாங்க வந்த குடியிருப்பாளருக்கும், வீரமாகாளியம்மன் கோயிலுக்கு வந்த சுற்றுலாப் பயணிக்கும் அந்தப் பதிவு வேண்டியதில்லை. ஒரே நடைபாதையில் மூவர் நடக்க, ஒருவர் மட்டும் முன்பதிவோடு நடந்தார். ஊழியரின் முகவரி ஒரு தரவுத்தளத்தில் இருப்பதால் அவருடைய ஞாயிற்றுக்கிழமையும் அதற்குள் போய்விட்டது. நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். சேர்ந்த தரவு சேர்த்த நோக்கத்தைத் தாண்டி நடக்கும் என்பதைக் குடிமக்களும் அக்காலத்தில் பார்த்தார்கள். தொற்றுத் தொடர்பைத் தடமறிய மட்டுமே என்று சொல்லப்பட்ட ‘டிரேஸ்டுகெதர்’ தரவைக் குற்ற விசாரணைக்குக் காவல்துறை பெறலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. மக்கள் முணுமுணுத்தார்கள். ஒரு மாதத்துக்குள், ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் வரையறுத்தது. முணுமுணுக்க முடிந்தவர்களுக்கு எல்லை கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதலாளி பக்கத்து வாதத்தையும் கேட்க வேண்டும். உயரத்தில் வேலை செய்பவருக்கு வலிப்பு உண்டா என்று கேட்காமல் சாரத்தில் ஏற்றினால் அது கொலைக்குச் சமம். பணிப்பெண் கையில் குழந்தையை விட்டுப் போகும் தாய்க்கு அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை இருக்கத்தான் செய்யும். அது இயல்பு. ஆனால் வேலைக்குத் தேவையான கேள்வியும், கேட்பவரின் பயத்துக்குத் தேவையான கேள்வியும் வேறு வேறு. பணிப்பெண்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கர்ப்பச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது இன்றும் விதி. சற்றே யோசித்துப் பாருங்கள்: இந்நகரில் வேறு எந்த வேலைக்காவது அப்படி ஒரு கட்டத்தை வைத்தால் மறுநாள் பத்திரிகைகள் என்ன எழுதும்?

கட்டங்களைக் குறைக்க முடியாது என்பதும் உண்மையில்லை. 2020 தொடக்கத்தில், மனநலக் குறை உண்டா என்று வேலை விண்ணப்பத்தில் கேட்பது பாகுபாடு என்று முத்தரப்பு வழிகாட்டி திருத்தப்பட்டது. அரசாங்கச் சேவையும் தன் படிவத்திலிருந்து அந்தக் கேள்வியை எடுத்தது. எந்த அலுவலகமும் இடிந்து விழவில்லை. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டம் வயது, பாலினம், இனம், மதம், மொழி, கர்ப்பம், உடற்குறை, மனநலம் போன்றவற்றை வைத்து ஒருவரை ஒதுக்குவதைத் தடுக்க வகைசெய்கிறது. அதில் 25 பேருக்குக் குறைவாக வேலைசெய்யும் நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு. லிட்டில் இந்தியாவின் பெரும்பாலான கடைகள் எந்தப் பக்கம் விழும் என்று சொல்லத் தேவையில்லை. சட்டம் எட்டாத அந்த இடத்தில் முதலாளியின் நிதானம்தான் சட்டம்.

ஆகவே இனிச் சொல்ல வேண்டியதை முதலாளிகளிடமே சொல்கிறேன். வேலைக்குத் தேவையில்லாததைக் கேட்காதீர்கள். உங்களிடம் இல்லாத தரவை யாராலும் திருட முடியாது. விண்ணப்பப் படிவத்தில் மதத்துக்கும் இனத்துக்கும் உள்ள கட்டத்தை இன்றே எடுத்துவிடுங்கள். மென்பொருளில் ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போன அன்றே அவர் கணக்கை மூடுங்கள். மருத்துவச் சான்றிதழைச் சம்பளக் கோப்போடு சேர்க்காதீர்கள். எல்லாவற்றையும் மொத்தமாக இறக்கும் வசதிக்கு இரண்டு பேர் ஒப்புதல் வையுங்கள். எடுக்காத விண்ணப்பங்களை அழியுங்கள். வைத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை, நோக்கம் முடிந்தால் வைத்திருக்கக்கூடாது என்றுதான் சொல்கிறது. விலகிய ஊழியரின் சம்பளப் பதிவை வேலை நியமனச் சட்டப்படி ஓராண்டும் வரிக் கணக்குக்காக ஐந்தாண்டும் வைத்திருக்க வேண்டும். அதற்கு மேல் அவருடைய கடவுச்சீட்டுப் படத்துக்கு உங்களிடம் என்ன வேலை?

எல்லாவற்றுக்கும் மேலாக, கோப்பை அதற்கு உரியவருக்குக் காட்டுங்கள். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது, அதை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்று பாத்திரம் கழுவுபவரும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிகிற நாளில்தான் அந்த மென்பொருளைப் பாதுகாப்பானது என்று சொல்லலாம். தன்னைப் பற்றி நிறுவனத்திடம் உள்ள தரவைக் காட்டுமாறு கேட்கும் உரிமை தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வேலை அனுமதியில் இருப்பவருக்கும் உண்டு. இயக்குநருக்கு உள்ள அதே உரிமைதான். கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கும்வரை அது ஏட்டில்தான் இருக்கும். அந்தப் பயத்தைப் போக்குவது ஆணையத்தின் வேலையும் இல்லை, மென்பொருள் விற்பவரின் வேலையும் இல்லை. சம்பளம் கொடுப்பவரின் கடமை அது.